உப்பு கரிக்கிறது என்று நீ சொன்ன நாள்

ஐயா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. நீ நலமில்லாமல் போனதில் பாதிப் பங்கு என்னுடையது. மீதிப் பாதி உன் அப்பாவிடமிருந்து வந்தது என்று டாக்டர் சொன்னார். அப்பாவின் பங்கை இனி யாரும் மாற்ற முடியாது. என் பங்கை நான்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அடுத்த மாதம் நீ குவாந்தான் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போகிறாய். மல்லிகாவும் பேத்தியும் உன்னோடு வருகிறார்கள். இதை உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் பெண்டாட்டியைப் பற்றி நான் பேசியது தனியாக இல்லையே. பைப்படியில் குடத்தை வைத்துக்கொண்டு, தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் கேட்கப் பேசினேன். அதனால்தான் இதை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு அனுப்புகிறேன். பேர் போட மாட்டேன். போட்டாலும் போடாவிட்டாலும் எங்கள் லயத்தில் படிக்கிற எல்லோருக்கும் இது யார் என்று தெரியும். தெரியட்டும்.

முதலில் உன் அப்பா விஷயம். பனி மார்பில் அடைத்துச் செத்துப்போனார் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. நாங்கள் தாப்பாவுக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து மலைக்கு ஏறி வந்தவர்கள். அங்கே காலையில் கஞ்சியில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் குடித்தால்தான் மத்தியானம் வரை நிற்க முடியும். வேர்வை அப்படி ஊற்றும். மேலே தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பிறகும் அதே பிடி உப்பு, அதே கஞ்சி. மத்தியானத்துக்குத் தூக்கில் சோறும் பொரித்த கருவாடும். மலைக்குப் பச்சை மீன் வருவது அபூர்வம். ரிங்லெட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற சீனர் கருவாடுதான் கொண்டு வருவார். நல்ல உப்புக் கருவாடாகப் பார்த்து நான் வாங்குவேன். என் கையில் பொரித்த கருவாட்டு வாசனைக்கு நாலு வீடு தள்ளியும் மூக்கைத் தூக்குவார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம்.

நீ மூன்றாம் படிவம் படித்த வருஷம், அப்பாவுக்குத் தலை கனக்கிறது என்று தோட்டத்து மருந்தகத்துக்குப் போனோம். டிரசர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். "அண்ணே, மாத்திர மட்டும் பத்தாது. உப்ப நல்லா கொறைக்கணும்" என்றார். நான் விடவில்லை. "வேர்வைக்கு உப்பு வேணாமாங்க? வெயில்ல நிக்கிற ஆளு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இங்க யாரும்மா வேர்க்கிறா? சுவெட்டர் போட்டுக்கிட்டு நடுங்கி நடுங்கிக் கொழுந்தெடுக்கிறீங்க, கீழ ரப்பர் தோட்டத்துல தின்ன அளவுக்கே உப்பு திங்கிறீங்களா?" பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அப்புறமும் நான் சொன்னேன், "நாங்க தூளுப்பு போடுறதில்லங்க, கல்லுப்புதான்." அதற்கும் சிரிப்பு. "ரெண்டும் உப்புதாம்மா" என்றார். எனக்கு முகம் எரிந்தது.

எரிச்சலோடுதான் வந்தேன், ஆனாலும் நாலு நாள் உப்பைக் குறைத்துச் சமைத்தேன். நாலாம் நாள் உன் அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். "என்னடி இது, மாட்டுக்குக் கலக்கி வெச்சியா?" என்று எழுந்து, மூன்று வீடு தள்ளி இருந்த உன் அத்தை வீட்டுக்குப் போனார். அத்தை அண்ணனுக்குக் கருவாடு பொரித்துப் போட்டாள். போட்டதோடு விட்டாளா? பலகைச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கிற குரலில், "எங்கண்ணன் நாக்கு எனக்குத்தான் தெரியும். வந்தவளுக்கு என்ன தெரியும்?" என்றாள். மறுநாளும் அவர் அங்கேதான் சாப்பிட்டார். என்னால் தாங்க முடியவில்லை ஐயா. அவருடைய கொதிப்பைப் பற்றி நான் அப்போது நினைக்கவே இல்லை. என் சட்டியில் வெந்த சோறு ஆறிக் கிடக்க, அவர் இன்னொருத்தி கையால் தின்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் இருக்கிறதிலேயே பெரிய துண்டமாகக் கருவாடு பொரித்தேன். மிளகாய்ச் சம்பாலில் பழைய அளவுக்கே உப்பைப் போட்டேன். ஊறுகாய்ச் சாடியைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இப்பத்தான் வீட்டுச் சோறு" என்றார். நான் வாசலில் போய் நின்று உன் அத்தை வீட்டுப் பக்கம் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் மாத்திரையையும் விட்டார். "தலவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல, மாத்திர எதுக்கு?" என்று கேட்டார். ஆமாம், எதற்கு என்று நானும்தான் சொன்னேன். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலை, பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடும்போது, பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை செத்துப்போய்த் தொங்கியது. மூன்றாம் நாள் போய்விட்டார். அன்றிலிருந்து இன்று வரை உன் அத்தையோடு நான் பேசியதில்லை. கருவாடு போட்டு என் புருஷனைக் கொன்றவள் என்று மனசுக்குள் அவளுக்குத்தான் பேர் வைத்திருந்தேன். அவள் போட்டது இரண்டு நாள். நான் போட்டது ஒன்றரை வருஷம். உன் அத்தையும் பேப்பர் படிப்பாள். படித்துக்கொள்ளட்டும். ஆனால் அவள் அன்றைக்குச் சொன்ன சொல்லை நான் மறக்க மாட்டேன், அது வேறு கணக்கு.

பிறகு உன் கல்யாணம். பெண் கோலா தெர்லா, தோட்டக்கார வீடு, கோசும் கேரட்டும் போட்டு லோரியில் அனுப்புகிறவர்கள் என்றார்கள். எனக்குக் குறை ஒன்றுமில்லை. கல்யாணம் முடிந்து முதல் தடவை சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நாம் போய் இறங்கும்போது உன் மாமனார் கோசுக் கூடையைத் தோளில் வைத்து லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உன் அப்பா இருந்திருந்தால் அவர் வயதுதான். உன் அப்பாவைவிட ஒரு சுற்றுப் பெருத்த ஆள். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மிளகும் இஞ்சியும் எலுமிச்சையும்தான் முன்னால் வந்து நின்றன. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என்ன சம்பந்திம்மா, உப்பு மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், "மறக்கலங்க. இவருக்குப் பிரஷர் வந்து எத்தனையோ வருசமாச்சு. அன்னைக்கே கொறைச்சேன். ஒரு மாசம் மொனகுனாரு, தட்டத் தள்ளுனாரு. நா கண்டுக்கல. அப்புறம் நாக்கு பழகிருச்சி. மாத்திரயும் விடல."

ஒரு மாதம் முனகினார் என்றாள். தட்டைத் தள்ளினார் என்றாள். அவள் தாங்கிக்கொண்டாள். என்னால் இரண்டு நாள் தாங்க முடியவில்லை. அவள் புருஷன் வெளியே லோரிக்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என் புருஷன் எங்கே? அந்த வீட்டில் நான் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் எனக்கு நெருப்பாக இறங்கியது. சமையல் நன்றாக இல்லை என்றாவது சொல்ல முடிந்ததா? நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ, "ஏம்மா பேசாம வர்ற?" என்று கேட்டாய். வளைவில் வயிற்றைப் புரட்டுகிறது என்றேன்.

உனக்கு முப்பது வயதில் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கு உடம்பு பார்த்தபோது கொதிப்பு என்று சொன்னார்கள். உனக்கு ஒரு தலைவலிகூட இருந்ததில்லை. அது அப்படித்தான், சத்தம் காட்டாது. தானா ராத்தாவில் உன் வீட்டுக்கு நான் வருவதற்குள் மல்லிகா எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். உப்பு டப்பாவில் ஒரு குட்டிக் கரண்டி. ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை, கறுப்புச் சோயாக் கிச்சாப் போத்தலைக் காணோம். எல்லாம் அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது. உனக்கு வந்த நோய்க்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோலா தெர்லாவிலிருந்து வைத்தியம் வந்துவிட்டதே என்று எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்னுடையதுதானே என்று இருந்தேன். ஞாயிறானால் நீ லயத்துக்கு வருவாய், என் கையால் சாப்பிடுவாய். மூன்றாம் மாதமோ என்னவோ, ஒரு ஞாயிறு, நீ முதல் வாயை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். தண்ணீரை எடுத்துக் குடித்தாய். "உப்பு கரிக்குதும்மா" என்றாய்.

நான் உப்பைக் கூட்டிப் போடவில்லை ஐயா. நீ பிறந்ததிலிருந்து போட்ட அதே அளவு. உன் நாக்குதான் மாறிவிட்டது. முப்பது வருஷம் நான் ஊட்டி வளர்த்த நாக்கை ஒருத்தி மூன்று மாதத்தில் எடுத்துக்கொண்டுபோய்விட்டாள். அன்றைக்கு நீ போன பிறகு நான் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றிலிருந்து நான் செய்த வேலை உனக்குப் பாதிதான் தெரியும். குழம்பில் கல்லுப்பைக் குறைத்தேன். "இப்ப சரியா இருக்காய்யா?" என்று கேட்டேன். நீயும் சந்தோஷமாகத் தலையாட்டினாய். ஆனால் அதற்குள் வறுத்த நெத்திலியைப் பொடி பண்ணிப் போட்டேன், கிச்சாப் ஊற்றினேன், பிளாச்சான் இறால் கட்டியைச் சுட்டுக் கரைத்தேன். உப்புச் சுவை பட்டும் படாமல், ருசி மட்டும் தூக்கும்படி. மெல்ல மெல்லக் கூட்டினேன். பழைய நாக்கு திரும்பி வந்தது. ஒரு நாள் நீயே, "கருவாடு இல்லையாம்மா?" என்று கேட்டாய். அந்தச் சந்தோஷத்தை நான் உனக்கு எப்படிச் சொல்வேன்! அப்புறம்தான் உனக்குத் தெரிந்த பாதி. ஒரு போத்தலில் எலுமிச்சை ஊறுகாய், ஒரு டப்பாவில் பொரித்த கருவாடு. "பள்ளிக்கூடத்துலயே வெச்சிக்க. மத்தியானம் தொட்டுக்க. மல்லிகாகிட்ட சொல்லாத" என்றேன். நீயும் சொல்லவில்லை. வாரம் தவறாமல் காலி டப்பா வந்தது.

கொதிப்பு ஏறியது. டாக்டரைப் பார்க்கப் போன அன்று நானும் கூட வந்தேன். "சாப்பாட்டில் உப்பைக் குறைத்தீர்களா?" என்று அவர் கேட்டார். மல்லிகா, "ரொம்பக் கொஞ்சந்தான் டாக்டர், அளந்துதான் போடுறேன்" என்றாள். "அப்போ எப்படி இவ்வளவு ஏறுது?" என்றார் அவர், கோபமாகக்கூட இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீதானம்மா சமைக்கிற. ஒனக்குத்தான் தெரியும்" என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீயும் பேசவில்லை. அவளைக் காப்பாற்றாமல் என்னைக் காப்பாற்றினாய். அதைப் பார்த்து எனக்கு உள்ளே இனித்தது ஐயா. இதை எழுதவே கூசுகிறது. உன் உயிர் அந்த மேசைமேல் இருக்க, நான் என் பக்கம் நீ சாய்ந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் பைப்படியில், "எம் மகன உப்பில்லாமப் போட்டு வாட்டுறா, அதுலதான் அவனுக்குக் கொதிப்பு ஏறுது" என்று நான்தான் சொன்னேன். உப்பில்லாமல் கொதிப்பு ஏறுமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மருமகள் குற்றம் என்றால் யார்தான் கேட்பார்கள்?

இந்த வருஷம் மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சாக்கட்டி உன் கையிலிருந்து விழுந்தது, குனிந்து எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை என்றார்கள். நான் பிள்ளை பார்க்கிற ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை அப்படியே பக்கத்திலிருந்தவளிடம் விட்டுவிட்டு ஓடினேன். "எந்தக் கை? எந்தக் கை?" என்று வழியெல்லாம் கேட்டேன். வலது கை. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் விரல் சரியாகிவிட்டது. நீ கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய். பக்கவாதம் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, அடுத்த தடவை இப்படி விட்டுவிட்டுப் போகாது என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பெரட்டுக் களம் கண்முன் வந்தது.

அன்றைக்கே உன் வீட்டு அடுப்படியில் மல்லிகாவைப் பிடித்தேன். நெத்திலிப் பொடி, கிச்சாப், ஊறுகாய், கருவாடு, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "தெரியும் அத்த" என்றாள்.

"என்னாடி தெரியும்?"

"கருவாடு தெரியும். அவரு கை தொடைக்கிற கைலேஞ்சியில வாசன வருமே. தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? மத்தியானம் அத விடச் சொல்லி சாட மாடயா எத்தன தடவ சொன்னேன். கொழம்புல நீங்க கலந்ததுதான் தெரியாது."

"அப்ப டாக்டர் கேட்டாரே. அங்க சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொன்னா அவரு வெக்கத்துல லயத்துக்கு வர்றதயே நிறுத்திருவாரு. ஞாயித்துக்கெழமயும் போச்சுன்னா ஒங்களுக்கு என்ன இருக்கு? மாத்திரய கூட்டியிருக்காங்க, மத்த வேளைக்கு நா இன்னும் கொறைச்சி சரிக்கட்டிரலாம்னு நெனைச்சேன். தப்புதான் அத்த. நானும் பேசியிருக்கணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது. என்மேல் இரக்கப்பட்டிருக்கிறாள் பார்! நான் வாயை மூடிக்கொண்டது அவளை மாட்டிவிட. அவள் வாயை மூடிக்கொண்டது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவைக்க. அதிலும் என்னை முந்திவிட்டாள். அம்மாவும் மகளும் எதில்தான் எனக்கு விட்டுக் கொடுப்பார்கள் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். அதன்பிறகு அவள் என்னையும் கூட்டிக்கொண்டுபோய்க் கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்க வைத்தாள். எனக்கும் இருக்கிறது. எத்தனை வருஷமாக இருந்ததோ. இப்போது என் சட்டியிலும் அந்தக் குட்டிக் கரண்டிதான். முதல் இரண்டு வாரம் காகிதத்தைத் தின்கிற மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் கோசில் ஓர் இனிப்பு தெரிந்தது. இந்த மலையில் இத்தனை வருஷம் கோசு தின்று, அறுபது வயதில்தான் அதற்கு இனிப்பு உண்டு என்று கண்டுபிடித்தேன். உன் மாமியாருக்கு அது எப்பவோ தெரிந்திருக்கும். அதை நினைத்தால் இனிப்பும் கசக்கிறது.

நீ போகிற ஊர் கடலோரம். தெருவுக்குத் தெரு கருவாடும், மீன் அப்பளம் மாதிரி கெரோப்போக்கும் தொங்கும் என்கிறார்கள். அங்கே வேர்க்கவும் வேர்க்கும். வேர்க்கிறவனுக்கு உப்பு வேணும்டா என்று சொல்ல உன் அம்மாவைப் போல ஆயிரம் பேர் இருப்பார்கள். உன் நாக்கைக் கேட்காதே, அவர்களையும் கேட்காதே, டாக்டரைக் கேள். உப்பு டப்பாவை மட்டும் பார்த்து ஏமாறாதே. நான் உன்னை எதில் ஏமாற்றினேன் என்பதை நினைத்துக்கொள். கிச்சாப், பிளாச்சான், ஊறுகாய், நெத்திலி, கடையில் வாங்குகிற மீ கோரேங், பாக்கெட்டில் வருகிற மசாலாத் தூள், எல்லாவற்றிலும் அது ஒளிந்துகொண்டிருக்கும். தலைவலி இல்லை என்று மாத்திரையை விடாதே. உன் அப்பா விட்டார், நான் தலையாட்டினேன். மாதம் ஒரு தடவை போய்ப் பார். அப்புறம் ஒன்று. இனி யாராவது உன் பெண்டாட்டியை நாலு பேர் முன்னால் குற்றம் சொன்னால், அது நானாகவே இருந்தாலும், காலண்டரைப் பார்க்காதே.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. இந்தக் கடிதத்தை முடிக்கிற இந்த நிமிஷமும் குவாந்தானில் தினமும் மூன்று வேளை உனக்கு யார் தட்டு வைப்பாள் என்று நினைத்தால் வயிறு காந்துகிறது. காந்தட்டும். நீ இருந்தால்தானே எனக்குப் பொறாமைப்படவாவது ஆள் உண்டு. சாமானெல்லாம் லோரியில் போகும், நீங்கள் மூன்று பேரும் தானா ராத்தாவில் பஸ் ஏறுவீர்கள் என்று மல்லிகா சொன்னாள். வழிச் சோறு அவள் கட்டுவாள். நான் வருவேன், பஸ் கிளம்புகிற வரை நிற்பேன். ஊருக்குப் போகிற மகனை வெறுங்கையோடு வழியனுப்ப வந்திருக்கிறாள் பார் என்று லயத்துக்காரிகள் பேசுவார்கள். பேசட்டும். நீ மட்டும் என் கையைப் பார்க்காதே ஐயா. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பசித்தால் அவள் கட்டியதைப் பிரித்து என் கண் முன்னாலேயே சாப்பிடு.

உன் அம்மா